ஹோல்டர் வைத்த விளக்கு

கொச்கோர் மலைக் கிராமங்களில் சைகலைத் தெரியாதவர் கிடையாது. வீட்டு வேலை முடிந்ததும் பற்றவைக்கும் சால்டர் கம்பியோடு உட்கார்ந்துவிடுவாள். செத்த லேப்டாப்பிலிருந்து லித்தியம் பேட்டரிகளை உருவி, உயிருள்ளதாகப் பொறுக்கி விளக்கு செய்வாள். கோடையில் மேய்ச்சல் வெளிக்கு ஏறினால், மாமியாரின் கூடார உச்சியில் தொங்குவது அவள் விளக்குதான். அந்த வீட்டில் அவளுக்கிருந்த மரியாதையே அதுதான்.

இந்த வருஷம் ஓரகத்தி வந்து சேர்ந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி மீரிம், பிஷ்கெக் நகரத்தில் படித்தவள், அவளுக்கும் இதே பைத்தியம். வந்த சூட்டோடு ஒரு விளக்கு செய்தாள். சைகல் பேட்டரி மேலேயே கம்பியைப் பற்றவைப்பவள். சார்ஜ் தீர்ந்தால் விளக்கையே தூக்கிக்கொண்டு அவளிடம் ஓட வேண்டும். மீரிம் வைத்ததோ பிளாஸ்டிக் ஹோல்டர். ஸ்பிரிங்கை அழுத்தினால் பழைய பேட்டரி வெளியே, புதுசு உள்ளே.

"அடியாத்தி, எனக்கே மாத்த வருதே!" என்று மாமியார் குதித்தாள். "இனிமே இதையே மாட்டுங்கடி."

சைகலுக்கு வயிறு பற்றி எரிந்தது. நேற்று வந்தவளுக்கு இன்று நடுக்கூரையா? பற்றவைக்கிற சூடு பேட்டரிக்கு ஆகாது, ஹோல்டர்தான் சரி என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் எரிந்தது.

மீரிமைப் பெற்றவர்கள் விருந்துக்கு வந்தார்கள். இளைய மருமகள்தான் தேநீர் ஊற்ற வேண்டும். அவள் வெளியே தேநீர் கொதிக்கும் சமோவாரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து சைகல் ஹோல்டரிலிருந்த பேட்டரியைத் தலைமாற்றிப் போட்டாள். தலைகீழ் மின்சாரத்தைத் தடுக்க மீரிம் டயோடு வைத்திருந்ததால் எதுவும் கருகாது. எரியாது, அவ்வளவுதான். பெற்றவர் முன்னால் மானம் போனால் போதும்.

பொழுது சாய்ந்ததும் மாமியார் பெருமையாகச் சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை.

"என்னடி மீரிம், உங்கப்பாவப் பாத்து உன் விளக்கு வெக்கப்படுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். மீரிமின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மீரிம் நேராகச் சைகலிடம் வந்தாள். "அக்கா, நீங்க கொஞ்சம் பாருங்களேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

அத்தனை கண்ணும் சைகல் மேல். இதற்குத்தானே ஏங்கிக் கிடந்தாள் பாவி! துள்ளி எழுந்து விளக்கை இறக்கினாள். பேட்டரியை உருவினாள், திருப்பிப் போட்டாள். கூடாரம் பளிச்சென்றது.

"மூத்தவ மூத்தவதான்யா! மரியாதைக்கு நல்ல கறியெலும்பாப் பாத்து அவளுக்கு வைங்க," என்று மாமியார் கூவினாள்.

சைகல் பூரித்துப்போய் உட்கார்ந்தாள். மீரிம் தேநீரோடு குனிந்து, காதோரம் மெல்லக் கேட்டாள்.

"மீட்டர் வைக்கல, பிளஸ் மைனஸ் கூடப் பாக்கல. கை மட்டும் நேரா அங்க போச்சே, எப்படிக்கா?"

மீரிம் நீட்டிய கிண்ணம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. அந்தப் பக்கம் வேண்டியவர்களுக்குப் பாதிதான் ஊற்றுவார்கள், மறுபடி மறுபடி ஊற்றி உட்காரவைக்க. எழுந்து போனால் தேவலை என்று நினைப்பவர்களுக்குத்தான் முழுக் கிண்ணம். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தாள். சைகல் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.