தண்ணீர் கேட்காத பூ

"...இனி தண்ணி ஊத்த ஆளில்ல தாயி. எம் பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, நான் மகங்கிட்ட சென்னைக்குப் போறேன். வீட்டுக்குப் பின்னால சரிவுல அவ வச்ச மல்லியெல்லாம் காஞ்சிருச்சு. வெயில் தாங்குற பூச்செடியா குடு" என்றார், ராஜபாளையம் நர்சரியில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர். பட்டாளத்து மீசை; முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையிலெடுத்த மல்லிகைக் கன்றின் இலையை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்படின்னா நித்தியகல்யாணிதான் அண்ணாச்சி. ஆனா சுடுகாட்டுப் பூன்னு வீட்டுல யாரும் வைக்க மாட்டாக" என்றாள் நர்சரிக்காரப் பெண்.

"சுடுகாட்டுல அதுக்கு யாரு தண்ணி ஊத்துறாக?"

"யாரும் ஊத்துறதில்ல. அதுபாட்டுக்குப் பூத்துக் கெடக்கு."

"அப்ப அதையே குடு."

அவர் மல்லிகைக் கன்றை எடுத்த இடத்திலேயே வைத்தார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, இருந்ததையெல்லாம் அதன் வேரில் ஊற்றினார்.