பாட்டு எண் பலகையும் சனிக்கிழமை வகுப்பும்

சர்ச்சில் கோயில்பிள்ளை வேலை என்றால் மணி அடிப்பது, பெருக்குவது என்றுதான் நினைப்பீர்கள். டெல்லியில் அது பாதிக்குப் பாதி பெஞ்சு தூக்கும் வேலை. ஒரே கட்டடத்தை ஊருக்கெல்லாம் திறந்துவிட்டு முழிக்கும் சகோதரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

கண் முகாம்

ஒரு வியாழக்கிழமை ஆலயத்துக்குள்ளேயே இலவசக் கண் பரிசோதனை. பீடத்தைப் பார்த்திருந்த பெஞ்சுகளை டாக்டர் மேசைப் பக்கம் திருப்பிப் போட்டதில் என் முதுகு போயிற்று. சரோஜினி நகர் மாமி ஒருவர் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இன்னிக்கு சேவிக்கணுமா, கண்ணைக் காட்டணுமா, சொல்லிடுங்கோ."

ஃபேன்

சனிக்கிழமைகளில் அதே ஆலயத்தில் லட்சுமி டீச்சர் காலனிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். எந்தச் சாமி என்று யாரையும் கேட்பதில்லை. என் மகளும் அங்கேதான் 'அ' போடக் கற்றாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் சபை செகரட்டரிக்கு மட்டும் அந்த வகுப்பு ஆகாது. ஜூன் வெயிலில் ஒருநாள் வந்து ஃபேனை நிறுத்தினார்.

"ஃபேன் ஆராதனைக்கு மட்டும்தான் அண்ணாச்சி. இன்னும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா கிளாஸ் பந்த்."

பலகை

எங்கள் ஆலயத்தில் பாட்டு எண்ணை யாரும் வாயால் அறிவிப்பதில்லை. சுவர்ப் பலகையில் நான் மாட்டும் எண்தான் சட்டம். டீச்சர் பாடப் பக்கத்தின் எண்ணையும் அதிலேயே மாட்டுவார். வகுப்பு முடிந்ததும் நான் மாற்றிவிடுவேன். ஒரு சனிக்கிழமை சுத்தமாக மறந்துபோனேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, பலகையில் நின்ற பாடப் பக்க எண்ணைப் பார்த்து ஆர்கன் மாலைப் பாட்டை எடுத்தது. வருஷக்கணக்கில் பாடாத பாட்டு, யாருக்கும் மனப்பாடம் இல்லை. புத்தகம் பார்த்துத்தான் பாட வேண்டும். வகுப்புக்கு வரும் எங்கள் சபைப் பிள்ளைகள் வரிமேல் விரல் வைத்துப் பாடினார்கள். எப்போதும் எல்லோருக்கும் மேலே கேட்கும் செகரட்டரியின் குரலைக் காணோம். விரித்த புத்தகத்தைப் பார்த்தபடி சும்மா நின்றார். இத்தனை காலமும் மனப்பாடமாகத்தான் பாடியிருக்கிறார், அவருக்குத் தமிழ் படிக்க வராது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வகுப்பு போச்சு என்றே முடிவு கட்டினேன். அவர் நேரே வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை ஒரு புது நோட்டோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பாடா என்று இருந்தது.

"அண்ணாச்சி, ஃபேனைப் போட்டுட்டுக் கதவைச் சாத்திருங்க."

பன்னிரண்டு வருஷம் சரியாக எண் மாட்டி ஒரு நல்ல பேர்கூட வாங்காத நான், மாற்ற மறந்த ஒரே ஞாயிறன்று ஒரு வகுப்பைக் காப்பாற்றிவிட்டேன்.