தனியாக நின்று தோற்ற கமலநாதன்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் தன்னைத் தெரியாத ஆளே கிடையாது என்று கமலநாதன் வெகுநாளாக நம்பிக்கொண்டிருந்தார். நம்பிக்கைக்குக் காரணம் அவருடைய தொண்டை. பக்கத்து ஊரான செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை. ஜொகூர் அணிக்குக் கால்பந்து ஆட்டம் என்றால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். அரங்கத்தில் உறுமியோடு நின்று கத்தும் ‘தென்முனை ரசிகர் மன்றத்துக்கு’ அடியெடுத்துக் கொடுப்பது அவர்தான். அவர் ஒரு வரி கத்த வேண்டும், மற்றவர்கள் பின்பாட்டுப் பாட வேண்டும். இது வீட்டில் மட்டும் நடக்காது.

மன்றம் வளர வளரத் தகராறும் வளர்ந்தது. ரெங்கத்திலிருந்து ஒரு வேன், லாபிஸிலிருந்து ஒரு பஸ் என்று ஆள் சேர்ந்ததும், டிக்கெட் யார் எடுப்பது, உறுமி எங்கே நிற்பது என்று வாட்சாப்பில் விடிய விடியச் சண்டை. கடைசியில் ஊருக்கு ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்போம், அதற்கு முறையாக விதிகள் எழுதுவோம் என்று முடிவானது. யார் எழுதுவது என்று கேட்டு வாய் மூடுவதற்குள் கமலநாதனின் கை மேலே இருந்தது. அவர் ஒரு வருஷம் கோயில் கமிட்டியில் துணைச் செயலாளராக இருந்தவர். அந்த வருஷம்தான் கமிட்டி இரண்டாக உடைந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று இன்றுவரை சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். தன்னைத் தானே முன்மொழியக் கூடாது. கணவன் மனைவியை, மனைவி கணவனை முன்மொழியக் கூடாது. ரகசிய வாக்கெடுப்பு. அதெல்லாம் சாதாரணம். அவர் உயிரைக் கொடுத்து எழுதியது ஐந்தாவது விதி: ஒருவர் மட்டுமே நின்றாலும் போட்டியின்றித் தேர்வு கிடையாது, ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று வாக்கெடுக்க வேண்டும்.

“ஒத்த ஆளு நின்னா எடுத்துக்க வேண்டியதுதானே, எதுக்கு ஓட்டு?” என்று கேட்டாள் மனைவி யோகேஸ்வரி.

“லாபிஸ்ல ஜெயபாலன் இருக்காரு தெரியுமா? பள்ளிக்கூடத்துல தலைவரு, மரண சகாய சங்கத்துல தலைவரு. எதுலயும் ஓட்டே விழுந்ததில்ல. யாரும் எதுத்து நிக்கிறதில்ல. அது ஜனநாயகமா?”

“சரி. வேண்டாம்னு நெறைய பேரு போட்டுட்டா?”

“அந்த ஆளு அந்தத் தவணை முழுக்க மறுபடி நிக்க முடியாது. அதையும் எழுதிட்டேன்.”

அவர் மனசாட்சிக்கு இன்னொரு காரணமும் தெரியும். ஸ்கூடாய்க்குத் தன்னைத் தவிர யாரும் நிற்கப்போவதில்லை. வாக்கில்லாமல் பதவிக்கு வருவது அவருக்கு உப்பில்லாத சாதம் மாதிரி. ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து “வேண்டும்” என்று வாசிப்பதைக் கேட்க ஆசை. கேட்டு, அடக்கமாகத் தலை குனிந்துகொள்ள வேண்டும். குனிவதைக் குளியலறைக் கண்ணாடி முன் பழகியும் பார்த்திருந்தார்.

முதலில் லாபிஸில் தேர்தல் நடந்தது. ஜெயபாலன் தனியாக நின்றார். ஒரு ‘வேண்டாம்’ கூட விழவில்லை. கமலநாதன் கொஞ்சம் ஏமாந்தாலும், மன்றத்து வாட்சாப்பில் வழக்கம்போல் நீளமான வாய்ஸ் மெசேஜில் வாழ்த்து அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு ஸ்கூடாய். குடியிருப்பின் பொது மண்டபமான பாலாய்ராயாவில் கூட்டம். தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிற பிரவீனா தலைமை தாங்கினாள். எதிர்பார்த்தபடியே கமலநாதன் பெயர் மட்டும்தான் வந்தது. இரண்டு நிமிஷம் பேசச் சொன்னார்கள். அவர் கால்பந்து எப்படித் தோன்றியது என்பதில் ஆரம்பித்தார். ஜொகூருக்குள் வந்து சேர்வதற்குள் பின்வரிசையில் யாரோ பலகாரத் தட்டைத் திறந்துவிட்டார்கள்.

சீட்டுகளை மைலோ டின்னில் போட்டு எண்ணினார்கள். பதினேழு வேண்டும். இருபத்திரண்டு வேண்டாம்.

“அண்ணே, இன்னொரு தடவ எண்ணட்டுமா?” என்றாள் பிரவீனா.

“எண்ணும்மா.”

எண்ணியதில் ஒட்டிக்கொண்டிருந்த சீட்டு ஒன்று பிரிந்து வந்தது. அதுவும் வேண்டாம்.

அப்போதுதான் தாமதமாக உள்ளே வந்த மணியம் மாமா, “யாரு ஜெயிச்சா?” என்று கேட்டார்.

“யாரும் ஜெயிக்கல மாமா.”

“அப்ப இவரு யாருகிட்ட தோத்தாரு?”

இந்தக் கேள்விக்கு விதிகளில் பதில் இல்லை. கமலநாதன் தலையைக் குனிந்துகொண்டார். பழகி வைத்திருந்தது உதவியது.

வெளியே வந்தால் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்து, “நான் வேணும்னுதான் போட்டேன்ணே” என்றார்கள். காரை எட்டுவதற்குள், கையைப் பிடித்தவர்களின் கணக்குப்படி, அமோகமாக ஜெயித்திருந்தார். வண்டிக்குள் உட்கார்ந்ததும் யோகேஸ்வரியைப் பார்த்தார்.

“நீ என்ன போட்ட?”

“ரகசிய வாக்கெடுப்புன்னு நீங்கதானே எழுதுனீங்க” என்றாள் அவள், முறுக்கைக் கடித்துக்கொண்டே.

அந்த வாரம் முழுக்க மன்றத்தை விட்டு விலகுவதாக நீண்ட கடிதங்களை ஃபோனில் தட்டித் தட்டி அழித்தார். அனுப்பினால் யாராவது தடுக்க வேண்டுமே, தடுக்காமல் விட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் ஒன்றும் போகவில்லை. வெள்ளிக்கிழமை ‘மாமாக்’ என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் டொரத்தி எதிரே வந்து உட்கார்ந்தாள். கிளினிக்கில் நர்ஸ். அரங்கத்தில் அவருக்கு நேர் பின்வரிசை.

“அண்ணே, நான் வேண்டாம்னுதான் போட்டேன்” என்றாள்.

கமலநாதன் தே தாரிக் டீ கிளாஸை மெல்லக் கீழே வைத்தார். அத்தனை பேரில் உண்மை சொன்ன முதல் ஆள்.

“பிரதிநிதின்னா கேட்ல நின்னு டிக்கெட் குடுக்கணும், வராதவனுக்கு ஃபோன் அடிக்கணும். பாதி ஆட்டம் வெளியதான். அப்புறம் உள்ள யாரு அடியெடுத்துக் குடுப்பா? போன தடவ நீங்க காய்ச்சல்னு வரல. நாங்க கத்துனது சாவு வீடு மாதிரி இருந்துச்சு லா.”

அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. “அப்ப எல்லாரும் அதுக்காகத்தான்…”

“எல்லாரும் இல்லண்ணே. சில பேரு உங்க வாய்ஸ் மெசேஜ் நீளம் தாங்காம.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பில் புரை ஏறி, டொரத்தி தலையைத் தட்ட வேண்டியிருந்தது.

மறுதேர்தலை நடத்தும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. அந்த விதிகள் வேறு யாருக்கும் புரியவில்லை. பிரவீனாவை முன்மொழிந்தார்கள், அவளும் தனி ஆள்தான். கமலநாதன் தன் சீட்டில் முதலில் ‘வேண்டாம்’ என்று எழுதினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேறு சீட்டு கேட்டு வாங்கி ‘வேண்டும்’ என்று எழுதினார். அவள் ஜெயித்ததும் முதலில் கை தட்டியவரும் அவர்தான். சீட்டு விஷயத்தை இப்போது பிரவீனாவிடமே சொல்லிச் சிரிக்கிறார்.

அடுத்த ஆட்டத்துக்கு ரெங்கம் வேனும் லாபிஸ் பஸ்ஸும் நேரத்துக்கு வந்தன. டிக்கெட் சண்டை இல்லை. கவனிக்க ஒரு வேலையும் இல்லாததால் கமலநாதன் முதல் நிமிஷத்திலிருந்து கத்தினார். அணி ஜெயித்தது, அவர் குரல் போய்விட்டது. திங்கட்கிழமை ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களுக்குக் கையாலேயே ஜாடை காட்டி வேலை வாங்கினார். அன்றைக்கு வேலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தது என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.