நாற்பத்தொன்றாம் நம்பர் ஊர்

கம்ப்யூட்டர் சத்தம் போடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு வாரம் அதன் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஆறு வாரமும் அது என் முகத்துக்கு நேராகக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

எனக்குக் காது கேட்காது. பிறவியில் வந்ததல்ல. இருபது வயதில் காச நோய் வந்தது. தினமும் ஊசி போட்டார்கள். நோய் போயிற்று, கூடவே காதும் போயிற்று. பேச்சு மட்டும் மிஞ்சியது. அதனால் நான் பேசுவதைப் பார்க்கிறவர்கள் எனக்குக் காது கேட்கும் என்று முடிவு செய்வார்கள். கேட்காது என்று தெரிந்ததும் எனக்கு எழுதப் படிக்கவும் தெரியாது என்று முடிவு செய்வார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம் நிற்க ஒருவருக்கும் பொறுமை கிடையாது.

உதட்டைப் படிக்கப் பழகினேன். தமிழை உதட்டில் பாதிதான் படிக்க முடியும். 'ப'வும் 'ம'வும் ஒன்றுபோலவே இருக்கும், குறிலும் நெடிலும்கூட. பம்பு என்கிறாரா பாம்பு என்கிறாரா என்று நான் கண்டுபிடிப்பதற்குள் எதிராளி அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். ஆனால் 'செவிடன்' மட்டும் தப்பவே தப்பாது. 'வி' வரும்போது மேல் பல் கீழ் உதட்டில் படும். ஹாலின் அந்தக் கோடியிலிருந்து சொன்னாலும் தெரியும். இங்கே மற்றவர்கள் பேசியதாக நான் எழுதுவது எல்லாம் அப்படி உதட்டில் படித்தது, சீட்டில் எழுதிக் காட்டியது, அல்லது பிற்பாடு கூட வேலை பார்த்தவர்கள் எழுதிக் காட்டிச் சிரித்தது.

பம்பு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தல்லாகுளத்தில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு பம்புசெட் கம்பெனியில்தான் எனக்கு வேலை. கோச்சடையிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். எட்டு வருடம் அங்கே தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்பிஸ்டாக இருந்தேன். எண்பதுகளின் நடுவில் முதலாளி மூன்று கம்ப்யூட்டர் வாங்கினார். டைப்பிஸ்டுகள் மூன்று பேரையும், அதாவது என்னையும் இரண்டு பெண்களையும், அதற்கு மாற்றினார்கள்.

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. ஏ.சி. உண்டு. திரைக்கு மேல் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஜன்னலுக்குக் கனமான பச்சைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். வெயில் பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று மேனேஜர் நம்பினார். மூலையில் ஒரு டியூப்லைட். கிட்டத்தட்ட இருட்டில்தான் வேலை.

வேலை இதுதான். சுற்றுப்பட்டு ஊர்களில் பம்பு கெட்டுப்போனால் விவசாயி வந்து கவுண்டரில் சொல்வார். கவுண்டர்காரர் ஒரு சீட்டில் பெயர், ஊர் நம்பர், பம்பு நம்பர், கோளாறு என்று எழுதுவார். நாங்கள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். மறுநாள் அது ஊர்வாரியாகப் பட்டியல் அடித்துக் கொடுக்கும். மெக்கானிக்குகள் அந்தப் பட்டியலைப் பார்த்துப் போவார்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் மெக்கானிக் வரமாட்டார். தண்ணீரும் வராது.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நம்பர் இருந்தது. அலங்காநல்லூருக்கு 47. கவுண்டர்காரர் போடுகிற ஏழு, ஒன்று மாதிரியே இருக்கும். 41 என்று எந்த ஊரும் கிடையாது. 41 என்று அடித்தால் கம்ப்யூட்டர் அந்தச் சீட்டை ஏற்காது. 'கீங்' என்று ஒரு சத்தம் போடும், அடித்ததை அழித்துவிடும், அடுத்த சீட்டுக்குத் தயாராக நிற்கும். காது கேட்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, மறுபடி 47 என்று அடிப்பார்கள். நான் பழைய டைப்பிஸ்ட். கண் எப்போதும் சீட்டில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். நிமிர்ந்து பார்ப்பது மட்டமான டைப்பிஸ்டின் பழக்கம் என்று சொல்லித்தான் எனக்கு டைப் கற்றுக்கொடுத்தார்கள்.

இது எல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் ஒரு நாள் காலையில் ஒரு விவசாயி செருப்போடு கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தார் என்பதுதான்.

அலங்காநல்லூரில் கரும்பு போட்டிருந்தவர். இருபது நாளில் மூன்று முறை வந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். கவுண்டர்காரர் அவரிடம் என்னைக் கை காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"மூணு வாட்டி எழுதிக் குடுத்தாச்சு. ஒரு பய வந்து எட்டிப் பாக்கல. கரும்பு நின்னமேனிக்குக் காயுது. நான் என்ன, என் வீட்டுக் காதுகுத்துக்கா கூப்புட்டேன் ஒங்கள?"

நான் அவருடைய உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீசை பெரிய மீசை. ஒன்றும் தெரியவில்லை. நான் பேசாமல் நிற்க நிற்க அவருக்குக் கோபம் ஏறியது. என் தாய், தகப்பன், நான் படித்த பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டு வந்தாராம்.

பக்கத்தில் இருந்த பெண் எழுந்து, "அய்யா, அவருக்குக் காது கேக்காது" என்றாள்.

"அடக் கெடுத்தியே! இம்புட்டு நேரம் திட்டுனதெல்லாம் வீணா?"

"வீணில்லய்யா. எங்களுக்கு நல்லாக் கேட்டுச்சு."

அவர் விடவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து கையால் திட்டினார். கையால் திட்டியது எனக்கு முழுக்கப் புரிந்தது.

மேனேஜர் என்னுடைய ஆறு வாரச் சீட்டுகளை எடுத்துப் பட்டியல்களோடு ஒத்துப் பார்க்கச் சொன்னார். பத்தொன்பது சீட்டு கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. என்னைக் கூப்பிட்டு, எனக்குப் புரியட்டும் என்று வாயை நன்றாகத் திறந்து பேசினார். அப்படித் திறந்தால் உதடு பேச்சாக இருக்காது, கொட்டாவியாகத்தான் இருக்கும். பிறகு எழுதிக் காட்டினார்: "பதினஞ்சு நாள் பாக்குறேன் தம்பி. அப்பவும் விட்டுப்போச்சுன்னா கோடவுனுக்குப் போயிரு. அங்க காதுக்கு வேல இல்ல."

அந்தக் கம்பெனியில் காதுக்கு வேலை உள்ள இடம் ஒன்று உண்டென்றால் அது கோடவுன்தான். லாரி பின்னால் வரும். க்ளீனர் 'வரலாம், வரலாம்' என்று கத்துவான், எல்லோரும் விலகுவார்கள். அங்கே டெஸ்பாட்சுக்குக் காகிதம் கொண்டுபோன ஒரு நாள், என் சட்டையை ஒருவர் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். திரும்பினால் லாரியின் பின்பலகை என் மூக்குக்கு ஒரு முழத்தில் நின்றது. அங்கே தினமும் எட்டு மணி நேரம் நிற்கச் சொன்னார் மேனேஜர். காது கேட்காதவனுக்கு வசதியாக இருக்கும் என்று.

எங்கே தப்பு என்று எனக்கே தெரியவில்லை. அடித்தேன் என்பது நிச்சயம். மறுநாள் முழுக்க என் வேலையைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த பெண்ணைக் கவனித்தேன். அவளும் சீட்டைப் பார்த்துத்தான் அடித்தாள். திடீரென்று விரல் நின்றது, பிறகுதான் தலை நிமிர்ந்தது. இது எனக்குத் தெரிந்த விஷயம். கேட்கிறவர்கள் இப்படித்தான் திரும்புவார்கள். பஸ்ஸில், கல்யாண வீட்டில், தெருவில், காரணமே இல்லாமல் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும். அந்தக் காரணத்துக்குப் பெயர் சத்தம்.

"இப்ப என்ன கேட்டுச்சு?" என்றேன்.

"கம்ப்யூட்டருண்ணே. கீங்குன்னுச்சு."

"இது கத்துமா?"

"தப்பா அடிச்சா கத்தும்ணே."

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவள் யோசித்தாள். "ஒங்களுக்குத்தான் கேக்காதேண்ணே" என்றாள்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல பெண். அதனால்தான் ஊர் உலகம் முழுக்கவே எப்படி ஓடுகிறது என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு உடனே ஒரு வழி தோன்றியது. அந்தப் பெண்ணை என் பக்கத்தில் உட்காரவைத்து, கத்தும்போதெல்லாம் என் தோளில் தட்டச் சொல்வது. "நான் என் சீட்டப் பாப்பனா, அவரு தோளப் பாப்பனா?" என்று அவள் கேட்டாள். என்னை மாடு மாதிரி தட்டி ஓட்ட வேண்டாம் என்று நானும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு முழுக்க மேனேஜர் என்னைத் திமிர் பிடித்தவன் என்று எல்லோரிடமும் சொன்னார். 'திமிர்' என்பதும் உதட்டில் தெரிகிற சொல்தான்.

புரோகிராம் எழுதியவர் வெள்ளிக்கிழமை தோறும் வருவார். சௌராஷ்டிரக் குடும்பம். முப்பது வயது இருக்கும். டெலிபோனில் வீட்டோடு அவர்கள் பாஷையில் பேசுவார். அந்த ஆபீஸில் எனக்கும் மற்றவர்களுக்கும் சரிசமமாகப் புரிந்த ஒரே பேச்சு அதுதான். அவரைப் பிடித்தேன்.

"சார், ஒருத்தருக்காகப் புரோகிராமை மாத்த முடியாது" என்று எழுதிக் காட்டினார்.

"அந்தக் கத்தலை எழுதுனது யாரு?"

"நாந்தான்."

"எம்புட்டு நேரம் ஆச்சு?"

"ஒரு வரிதான் சார்."

"அப்ப இன்னொரு வரி எழுதுங்க."

எழுதினார். திரையின் அடியில், நம்பர் தப்பு என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. நான்தான் திரையைப் பார்ப்பதே இல்லையே. அந்த வாரம் இன்னும் இரண்டு சீட்டு போயிற்று. ஒவ்வொரு சீட்டுக்கும் நிமிர்ந்து பார்க்கலாம் என்று முயன்றேன். அந்தப் பெண்கள் முடிப்பதில் பாதிகூட முடிக்க முடியவில்லை. அதற்கும் மேனேஜர் பெயர் வைத்தார்: மந்தம்.

அடுத்த வெள்ளிக்கிழமை புரோகிராமர் வந்தபோது என் பதினைந்து நாளில் நான்கு மிச்சம் இருந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ மாற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் சீட்டுக் கட்டோடு நின்றேன். திடீரென்று கையில் இருந்த சீட்டு பச்சையாயிற்று. அவருடைய வெள்ளைச் சட்டையும் பச்சை. கருப்புத் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்களாக நிரம்பி, அந்த இருட்டு அறையில் வெளிச்சம் மேசை மேல் கொட்டியது. அவர் அவசரமாக அதை அழித்தார்.

"அதப் போடுங்க" என்றேன்.

"எத சார்?"

"இந்தப் பச்சைய. தப்பா அடிச்சா அது வரட்டும். சீட்டு மேல விழுந்தா எனக்குத் தெரியும்."

"அது தப்பு சார். நான் தப்பா எழுதினதுல வந்துருச்சு."

"ஒங்க தப்பையே போடுங்க."

அவர் சிரித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு கீயைத் தட்டுகிற வரைக்கும் பச்சை போகாதபடி வைத்தார். தட்டினால் அதே சீட்டுக்குத் திரும்பி வரும். நான் உட்கார்ந்து வேண்டுமென்றே 41 அடித்தேன். சீட்டில் கவுண்டர்காரரின் கோணல் எழுத்து பச்சை வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. ஏழுதான்.

பிறகு என் சீட்டு ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

புரோகிராமை மூன்று மெஷினிலும் ஏற்றியிருந்தார். மற்ற இரண்டு திரையும் தப்புக்குப் பச்சையாகும். திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பிரிண்டர் பட்டியல் அடிக்க ஆரம்பித்தது. பிரிண்டர் ஓடுவது எனக்கு மேசைப் பலகை வழியாக முழங்கையில் தெரியும். அது ஓட ஓட, அந்த இரண்டு பெண்களின் முகமும் பச்சையாயிற்று. மறுபடி ஆயிற்று. மறுபடியும்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏண்ணே, இது இம்புட்டு வாட்டியா கத்தியிருக்கும்? பிரிண்டர் சத்தத்துல எங்களுக்கு ஒன்னுமே கேக்கலயே" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அவர்களுடைய ஆறு வாரச் சீட்டுகளை ஒருவரும் ஒத்துப் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் நானே பார்த்தேன். அவர்களும் கூட உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒருத்திக்குப் பதினான்கு. ஒருத்திக்கு இருபத்திரண்டு. கட்டிக் கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்தேன்.

அந்தப் பெண்களைக் கோடவுனுக்கு அனுப்பச் சொல்லி நான் போகவில்லை. "பத்தொன்பது சீட்டுக்குக் காரணம் செவிடன். இருபத்திரண்டு சீட்டுக்கு யார் காரணம்?" என்று கேட்டேன்.

அவர் கட்டைப் புரட்டினார். "பிரிண்டரு" என்றார்.

வாயை அகலத் திறக்காமல், சாதாரணமாகத்தான் சொன்னார். நன்றாகத் தெரிந்தது.

பதினைந்து நாள் முடிந்ததும் ஆர்டர் வந்தது. 'மேற்படி ஊழியரின் உடல் குறையைக் கருதி, கருணை அடிப்படையில் கம்ப்யூட்டர் பிரிவில் தொடர அனுமதிக்கப்படுகிறார்' என்று இருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட்டு ஒரு நகல் திருப்பித் தர வேண்டும். படித்தேன். மெஷினை மாற்றியது புரோகிராமர். மூன்று மெஷினிலும் சீட்டு விட்டுப்போகாதது நான் கேட்டதால். இதில் மேனேஜரின் கருணை எந்த வரியில் வேலை செய்தது என்று தேடிப் பார்த்தேன்.

கையெழுத்துப் போடவில்லை. பழைய தமிழ் டைப்ரைட்டரை உறை நீக்கி, கம்பெனித் தாளைச் சுருட்டி ஏற்றினேன். 'மேற்படி ஊழியர் கம்ப்யூட்டர் பிரிவில் தொடர்கிறார்' என்று ஒரே வரி அடித்தேன். வந்த ஆர்டரைக் கிழித்துப் புதிய தாளின் மேலேயே வைத்து, மேனேஜரிடம் கொண்டுபோனேன்.

அவர் கிழிந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்துக்கொண்டு புதிய தாளை எழுத்தெழுத்தாகப் படித்தார், பிழை இருந்தால் திருப்பி அனுப்பலாம் என்று. பிழை இல்லை. கையெழுத்துப் போட்டார்.