புதிய பதிப்பில் காயம் ஆறும் விதம்

ஞாயிறு பூசை முடிந்ததும் கிளீட்டஸ் தன் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, மேசையில் பகடைகளை எடுத்து வைப்பார். நாலு முகம் உள்ளது, எட்டு முகம் உள்ளது, இருபது முகம் உள்ளது. குனிந்து உள்ளே வருகிறவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி: "மீன் தின்ன கையா? போயி சோப்பு போட்டு கழுவிட்டு வா."

பஹ்ரைனில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து ஏழு மாதம் கட்டிலில் கிடந்தபோது, அடுத்த கட்டில்காரரான பிலிப்பைன்ஸ் நாட்டவர் சொல்லிக்கொடுத்த விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ அதற்குள் நடப்பார்கள். வெட்டு விழுந்ததா, தப்பினார்களா என்பதைப் பகடை சொல்லும். அவரவர் உயிர் அவரவர் தாளில் ஓர் எண். அடிபட்டால் மளமளவென்று இறங்கும், பிறகு நாளுக்கு ஒன்றாக ஏறும். ஊர் திரும்பிய கிளீட்டஸ் அந்த விளையாட்டின் ஆங்கில விதிநூலைத் தமிழில் கையால் எழுதிப் பிரதியெடுத்து நாலு பேரைச் சேர்த்தார். ஐந்து வருடமாக அவர்தான் கதை நடத்துகிறவர்.

அவருடைய கதைகளில் செத்தவர்களைவிட அடிபட்டுக் கிடந்தவர்களே அதிகம். கிடப்பவனைச் சுமக்க வேண்டும், கஞ்சி கொடுக்க வேண்டும். ஒருமுறை கழுதைவண்டி தேடியே மூன்று ஞாயிறு போயிற்று. மணல் ஆலையில் வேலை பார்க்கும் டிஜோ சலித்துக்கொண்டால், "கூட்டாளிய விட்டுட்டு போவியா மக்கா? போ. பின்ன இங்க வரண்டாம்" என்பார்.

2008இல், நாலு பேரில் ஒருத்தியான ஜெனிலா விதிநூலின் புதிய பதிப்பைக் கொண்டு வந்தாள். பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவள். பெங்களூரில் இருக்கும் தம்பி அனுப்பியிருந்தான். கிளீட்டஸ் நின்றபடியே புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"ஒரு ராத்திரி ஒறங்கி எழும்பினா எல்லாக் காயமும் மாறிப்போவுமாம். இத எழுதினவன் என்னைக்காவது கட்டில்ல கெடந்திருக்கானா?"

"அண்ணே, இது வெளையாட்டுதானே" என்றாள் ஜெனிலா.

"எனக்கு தெரியாதா பிள்ளே?"

டிஜோதான் சொன்னான். "கட்டு போட்டு, கஞ்சி குடுத்து, மடுத்துப் போச்சு அண்ணே. சண்ட எப்பம் வரும்னு இருக்கு."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். கிளீட்டஸ் புத்தகத்தை மூடி ஜெனிலாவிடம் நீட்டினார். "அப்பம் நீயே நடத்து."

மறுநாளிலிருந்து, மிச்சமிருந்த தமிழ்ப் பிரதிகளின் பின்பக்கம் சோதனை அச்சுக்குப் போயிற்று. ரேஷன் கார்டு நகலெடுக்க வந்த ஒருவர் தாளைத் திருப்பிப் பார்த்து, "இதென்ன, எலும்பு முறிவுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டார். "தப்பா எழுதினது" என்றார் கிளீட்டஸ்.

வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு ஜெனிலா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வலது காலை நீட்டிக்கொள்ள இடமுள்ள கடைசி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஒரு சாதாரண வாள்வீரனை எடுத்துக்கொண்டார். குகை வாசலில் பெரிய சண்டை நடந்தது. டிஜோ நாற்காலியை விட்டு எழுந்து நின்று பகடை உருட்டினான். இப்படிச் சிரித்து அவனைக் கிளீட்டஸ் தன் கடையில் ஒருநாளும் கண்டதில்லை. சண்டை முடிந்தபோது வாள்வீரனின் இருபத்தேழு உயிரில் மூன்றுதான் மிச்சம்.

"செரி, எல்லாரும் ஒறங்கியாச்சு. வெடிஞ்சாச்சு" என்றாள் ஜெனிலா. "காயமெல்லாம் போச்சு. பழைய எண்ண எழுதிக்கிடுங்க."

மற்றவர்கள் அழித்து எழுதினார்கள். ஜெனிலா கிளீட்டஸைப் பார்த்தாள். "அண்ணே, இருபத்தேழு."

கிளீட்டஸ் ரப்பரை வாங்கி, மூன்றை மெதுவாக அழித்து, தாளில் ஒட்டிய துகளை ஊதிவிட்டு, அந்த இடத்தில் நான்கு என்று எழுதினார்.