அவிழ்த்து வைத்த சாக்கு

நல்லம்பள்ளிப் பக்கம் மாதேஸ்வரன் என்று கேட்டால் ஆளுக்கொரு வழி காட்டுவார்கள். லேப்டாப் மெக்கானிக் என்று கேட்டால்தான் நேராகப் பட்டறையில் கொண்டுபோய் விடுவார்கள். டர்போ வைத்த டீசல் கார் எதுவானாலும் அதன் கம்ப்யூட்டரில் ஒயரைச் சொருகி, இவ்வளவு காத்துக்கு இவ்வளவு டீசல் என்கிற கணக்கையே மாற்றிவிடுவார். கைராசிக்காரர், ஆனால் பேச்சுத்தான் ஆகாது. என்னங்க செஞ்சீங்க என்று எவனாவது வாயைத் திறந்தால் போச்சு, "சொன்னா உனக்குப் புரியுமா? வண்டிய எடு" என்று துரத்துவார். ஐம்பத்திரண்டு வயசுவரை அந்த ஒரு பேச்சை வைத்தே தொழிலை ஓட்டிவிட்டார். கெட்ட மனுசன் என்று சொல்ல மாட்டேன், திமிர் பிடித்த மனுசன்.

போன கார்த்திகை முடிவில் வத்தல்மலைத் திருமால் தன் பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். சாமையும் ராகியும் போடுகிற குடும்பம். விடிகாலைக் குளிரில் வண்டி புகையாகக் கக்குகிறது, வளைவில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்றான். சம்சாரம் சந்தியாவுக்கு எட்டாம் மாசம், தலைப்பிள்ளை. தன் ஊரில் அவசரத்துக்கு வேறு கார் கிடையாது, இது காலை வாரிவிட்டால் எங்கே போவேன் என்று அவன் சொன்னபோது மாதேஸ்வரனுக்கே மனசு இளகியது. எந்தக் குளிரிலும் ராஜா மாதிரி ஏறும் என்று வாக்குக் கொடுத்தார்.

வண்டியின் முகத்தை மறைத்து ஒரு கோணிச் சாக்கு கட்டியிருந்தது. குளிர்காலத்தில் இன்ஜின் சீக்கிரம் சூடேறட்டும் என்று மலைமேல் ஜீப் ஓட்டியவர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலை. அந்த ஜீப்புக்குச் சரி. டர்போ வண்டியில் அழுத்தி அனுப்புகிற காத்து கொதிக்கும், அதை ஆற்றுகிற பெட்டி முன்பக்கம்தான் இருக்கிறது. அதை மூடினால் அத்தனை சூடும் இன்ஜினுக்குள் போகும். மாதேஸ்வரன் சாக்கை அவிழ்த்தார், மடித்தார், டிக்கியில் வைத்தார். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு விடிகாலை தானே மலையேறிப் பார்த்துக் கணக்குப் போட்டார். குளிர்ந்த காத்து அடர்த்தியானது, கொஞ்சம் கூடுதலாக டீசல் கொடுக்கலாம், கொடுத்தார். காத்து சூடானால் டீசலைக் குறைக்கிற காவல் ஒன்று கம்ப்யூட்டரில் உண்டு. பனியில் சூடு எங்கேயிருந்து வரப்போகிறது என்று அதையும் தளர்த்திவிட்டார். வண்டி சும்மா பறந்தது. கும்பிடு போட்ட திருமால், தான் எதையாவது பார்த்து நடந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டான். நம்ம ஆள் வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பினார்.

மார்கழி பிறந்தது. ராகி மூட்டை இறக்க வந்த திருமால் தர்மபுரியில் மச்சினன் வூட்டில் தங்கிவிட்டான். விடிகிற நேரத்தில் போன் வந்தது, சந்தியாவுக்கு நாளாகும் முன்பே வலி எடுத்துவிட்டதாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா என்று மலைமேலிருந்து கேட்டார்கள். வண்டிதான் ராஜா மாதிரி ஏறுதே, நானே வந்துடறேன் என்றான். அந்த வருசத்தின் முதல் கடும்பனி அன்றைக்குத்தான். டிக்கியில் சாக்கு இருந்தது. பாவி மகன், இன்ஜின் சீக்கிரம் சூடேறட்டும் என்று அதை எடுத்துக் கட்டினான்.

மலை வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை. டொக்கென்று ஒரு சத்தம், வெள்ளைப்புகை, வண்டி நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. மிச்ச மலையை ஓடியே ஏறினான். இனி ஆம்புலன்ஸ் மலையேறி வரும்வரை காத்திருக்க முடியாது என்று ஊர்க்காரர்கள் சேலையில் தூளி கட்டி, கம்பில் மாட்டி சந்தியாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரி சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. சந்தியா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

கட்டி இழுத்து வந்த வண்டியில் அந்தச் சாக்கு அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததுமே மாதேஸ்வரன் ஸ்பானரை எடுத்தார். இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் ஒன்று உருகி ஓட்டை விழுந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள் திருமால் வந்தான். வெறி பிடித்தவன் மாதிரி மிதித்துத் தானே வண்டியைக் கெடுத்துவிட்டதாகவும், தன் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாகவும் சொல்லிச் சொல்லி அழுதான். ஆமாம்ப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, கேட்க நாதியில்லை. அந்த வார்த்தை மாதேஸ்வரனின் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

"நீ மிதிச்சதுல போகல திருமாலு. அந்தச் சாக்குல போச்சு. சூடானா டீசலக் கொறைக்கிற காவலையும் நாந்தான் தளர்த்தி வெச்சேன். சாக்க அவுத்ததும் நாந்தான். கட்டாதேன்னு உனக்குச் சொல்லல."

திருமால் அழுகையை நிறுத்தினான். சாக்கைப் பார்த்தான், பிஸ்டனைப் பார்த்தான். கையை ஓங்குவான் என்று மாதேஸ்வரன் நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

அவன் அடிக்கவில்லை. "சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமுங்களேண்ணா" என்றான்.