மரியம் லீவு போட்டால் ஓடும் நெட்வொர்க்

சென்ற இதழில் எங்கள் பழைய சர்வீஸ் மேனேஜர் எழுதியிருப்பது பொய். காரைக்கால் நெட்வொர்க் கோளாறை அவர் கண்டுபிடிக்கவில்லை. சர்வீஸ் இன்ஜினியர் என்று பெட்டி தூக்கிப் போன நானும் கண்டுபிடிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி. உர ஏஜென்சி ஒன்றின் அலுவலகம். நான்கு கம்ப்யூட்டர், நான்கிலிருந்தும் கேபிள், அவற்றை இணைக்கும் ஹப் என்ற ஒரே பெட்டிக்குப் போகும். வாரக்கணக்கில் நான்கும் ஒன்றாக நின்றுகொண்டே இருந்தன. தப்பு ஹப்பில்தான் என்று முடிவு கட்டினேன். போனில் மேனேஜரும் அடித்துச் சொன்னார்.

"ஒரு மெஷினோட நெட்வொர்க் கார்டு கெட்டா அந்த ஒரு மெஷின்தான்யா நிக்கும். ஹப்ப மாத்து."

சென்னையிலிருந்து பஸ்ஸில் புது ஹப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்து மாட்டினேன். ஓடியது. ஏஜென்சி முதலாளி வாங்கித் தந்த டீயைப் பெரிய விஞ்ஞானி மாதிரி குடித்தேன். மறுநாள் நின்றது. இன்னொரு ஹப் கொண்டுவந்தேன். அதே டீ, அதே கதை.

இரண்டு முறையும் ஓடிய நாளில் ஆப்பரேட்டர் மரியம் லீவு. திருமலைராயன்பட்டினத்திலிருந்து வருபவர். இதை நான் கவனிக்கவில்லை. முதலாளி கவனித்தார்.

"அந்தப் பொண்ணு வந்து உக்காந்தாலே நின்னுடுது தம்பி. ராசி சரியில்ல. இந்த மாசத்தோட நிறுத்திடப் போறேன்."

மறுத்துப் பேச எனக்கு விஷயம் தெரியவில்லை. ரிப்போர்ட்டில் 'ஆப்பரேட்டர் தவறு' என்று எழுதி அனுப்பினேன். ராசி என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

முதலாளி சொன்னது மரியத்தின் காதுக்கும் எட்டியிருந்தது. மறுநாள் அவர் தன் மெஷினை ஆன் செய்யாமல், லீவில் இருந்த கேஷியரின் மெஷினில் உட்கார்ந்தார். மதியம்வரை மற்ற மூன்றும் ஓடின. பிறகு என்னைக் கூப்பிட்டு, தன் மெஷினை என் கையாலேயே ஆன் செய்யச் சொன்னார். செய்தேன். எல்லாம் நின்றன.

"இப்ப யார் ராசி சரியில்லங்க சார்? எனக்கா, உங்களுக்கா?"

அந்த மெஷினின் நெட்வொர்க் கார்டைக் கழற்றினேன். மற்ற மூன்றும் ஓடின. கெட்ட கார்டு ஓயாமல் சிக்னலைக் கொட்டி, ஹப் வழியாக எல்லோரையும் அடைத்திருக்கிறது. இரண்டு ஹப் சுமந்த எனக்கு ஒரு சுவிட்சை அணைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இளைஞர்களே, எதையும் மாற்றுமுன் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

அன்று முதலாளி ஊரில் இல்லை. தவறு என்னுடையது என்று புது ரிப்போர்ட் எழுதி, கையெழுத்திட்டு, மேனேஜருக்கு அனுப்பினேன். ஆனால் மேனேஜர் கையெழுத்தோடு முதலாளிக்குப் போன கம்பெனிக் கடிதத்தில் 'ஆப்பரேட்டர் தவறு' என்ற பழைய வரியே இருந்தது. நேரில் போய்ச் சொன்னேன். "கம்பெனி லெட்டர நம்புறதா, உங்கள நம்புறதா தம்பி?" என்றார். மரியத்தின் வேலை போனது.

மேனேஜர் சார், என் இரண்டாவது ரிப்போர்ட்டைப் படித்தீர்களா, இல்லையா? படித்தும் ஏன் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள்? இதே இதழில், உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள்.